வரவு 5,145 கோடி, செலவு 5,214 கோடி: சென்னை மாநகராட்சியின் கணக்கை எப்படிப் படிப்பது?

சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் 2025 மார்ச்சில் தாக்கலான 2025-26 பட்ஜெட்டில் வருவாய் வரவு 5,145.52 கோடி ரூபாய் என்றும், வருவாய்ச் செலவு 5,214.09 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டிருந்தார்கள். துண்டு விழும் தொகை 68.57 கோடி.

இந்த எண்ணை வைத்து இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். மாநகராட்சி கடனில் மூழ்கிவிட்டது என்பது ஒரு பேச்சு. வரவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லாத தொகைக்கு ஏன் இத்தனை கவலை என்பது இன்னொரு பேச்சு. இரண்டு தரப்பும் ஓர் ஆண்டின் கடைசி வரியை மட்டும் பார்க்கின்றன. கவனிக்க வேண்டியது அதற்கு மேலே இருக்கும் வரிகளை: எந்தச் செலவு ஆண்டுதோறும் தானாக ஏறுகிறது, எந்த வரவை மாநகராட்சி நினைத்தாலும் ஏற்ற முடியாது என்பதை. அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வருவோம்.

மாநகராட்சியின் பொறுப்பு எதுவரை?

சென்னையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மாநகராட்சியைத் திட்டுவோம். ஆனால் குடிநீரும் கழிவுநீரும் 1978இல் உருவான குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அதற்குத் தனிக் கணக்கு. பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. மெட்ரோ ரயில் தனி நிறுவனம். ஆகவே இவற்றின் லாப நட்டம் எதுவும் ரிப்பன் மாளிகை பட்ஜெட்டில் வராது.

மாநகராட்சியின் கையில் இருப்பவை: குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலைகள், 471 பேருந்துத் தடச் சாலைகள், பூங்கா, சுடுகாடு, மாநகராட்சிப் பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், கொசு ஒழிப்பு, அம்மா உணவகம். பட்டியலைப் பார்த்தாலே ஒன்று தெரியும். இவற்றில் ஒருமுறை செய்து முடித்துவிட்டு மறந்துவிடக்கூடிய வேலை எதுவும் இல்லை. குப்பையை இன்று அள்ளினால் நாளையும் அள்ள வேண்டும்.

பரப்பளவையும் சேர்த்துப் பாருங்கள். 2011இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தபோது 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை 426 சதுர கிலோமீட்டர் ஆனது. வார்டுகள் 155இலிருந்து 200. மணலி, மாதவரம், அம்பத்தூர், வளசரவாக்கம், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் பல பகுதிகளுக்கு வடிகாலும் சாலையும் புதிதாகவே போட வேண்டியிருந்தது. இன்றைய செலவின் கணிசமான பகுதிக்கு வித்து அந்த ஆண்டில் விழுந்தது.

இரண்டு கணக்குகள்

எந்த மாநகராட்சி பட்ஜெட்டிலும் இரண்டு கணக்குகள் உண்டு.

1. வருவாய்க் கணக்கு. சொத்து வரி, தொழில் வரி, கட்டணங்கள், அரசிடமிருந்து வரும் வழக்கமான பகிர்வு ஆகியவை இதன் வரவு. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குப்பை அகற்றும் ஒப்பந்தத் தொகை, பராமரிப்பு, கடனுக்கான வட்டி ஆகியவை செலவு.

2. மூலதனக் கணக்கு. கடன், திட்ட மானியம் ஆகியவை வரவு. புதிய வடிகால், பாலம், பள்ளிக் கட்டடம், வாகனம் ஆகியவை செலவு.

கடன் வாங்கி மாடி கட்டுகிறவரை யாரும் ஊதாரி என்று சொல்வதில்லை. மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மாதாமாதம் கடன் வாங்கினால்தான் வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவார்கள். நகரத்துக்கும் அதே அளவுகோல்தான். மூலதனக் கணக்கில் கடன் இருப்பது இயல்பு. வருவாய்க் கணக்கில் துண்டு விழுவதுதான் எச்சரிக்கை. மேலே சொன்ன 68.57 கோடி வருவாய்க் கணக்கில் விழுந்தது. தொகை சிறியதாக இருந்தாலும் அது விழுந்திருக்கும் இடம் முக்கியம்.

செய்திகளில் இரண்டு கணக்குகளையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாகச் சொல்வதும் உண்டு. அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து நகரத்தின் நிதிநிலையைத் தெரிந்துகொள்ள முடியாது.

மாநகராட்சிப் பற்றாக்குறை எங்கே போய் ஒளியும்?

ஒன்றிய அரசுக்குப் பற்றாக்குறை வந்தால் சந்தையில் கடன் வாங்கும். மாநில அரசும் வரம்புக்குட்பட்டு அதையே செய்யும். உள்ளாட்சிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மாநில அரசின் அனுமதி இல்லாமல் மாநகராட்சியால் கடன் வாங்க முடியாது.

அப்படியானால் பணம் போதாதபோது என்ன நடக்கும்? ஒப்பந்ததாரரின் பில் தள்ளிப்போகும். அந்த நிலுவை அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். தாமதத்தை எதிர்பார்க்கும் ஒப்பந்ததாரர் அடுத்த டெண்டரில் அதற்கும் சேர்த்து விலை போடுவார், அல்லது வேலையின் தரத்தைக் குறைப்பார். இன்னொரு வழி, பராமரிப்பை ஓர் ஆண்டு தள்ளிவைப்பது. தள்ளிவைத்த பராமரிப்பு எந்தக் கணக்கிலும் கடனாகத் தெரியாது. ஆனால் அதுவும் கடன்தான். அசலோடு வட்டியும் சேர்ந்து ஒரு வடகிழக்குப் பருவமழையில் திரும்ப வரும். பட்ஜெட்டில் துண்டு சிறியதாகத் தெரிவதால் நிலைமை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வரவு: எதை ஏற்றலாம், எதை ஏற்ற முடியாது?

1. சொத்து வரி. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இந்த வரியின் கீழ் வருகின்றன. மாநகராட்சியின் சொந்த வருவாயில் முதுகெலும்பு இதுதான். பழைய சென்னைப் பகுதியில் 1998க்குப் பிறகு 2022 வரை பொதுச் சீராய்வு நிலைக்கவே இல்லை. இடையில் 2018இல் ஓர் உயர்வு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். கூடுதலாக வசூலித்ததை அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொடுத்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளில் சிமெண்ட், சம்பளம், டீசல் எல்லாம் எத்தனை மடங்கு ஏறின என்பதை எண்ணிப் பார்த்தால் இடைவெளி புரியும்.

அந்த இடைவெளியை 2022இல் ஒரே வீச்சில் அடைக்கப் பார்த்தார்கள். பழைய பகுதிக் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50%, 1,200 வரை 75%, 1,800 வரை 100%, அதற்கு மேல் 150% என உயர்வு வந்தது. சேர்க்கப்பட்ட பகுதிகளுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றிய அரசின் 15ஆவது நிதி ஆணையம் தன் மானியத்தைப் பெற, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு இணையாகச் சொத்து வரி வசூல் வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டதும் இதற்கொரு காரணம். தொடர்ந்து 2024 செப்டம்பரில் 6% உயர்வுக்கு மாமன்றம் தீர்மானம் போட்டது.

ஓர் எடுத்துக்காட்டு: மயிலாப்பூரில் 900 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 1,000 ரூபாயாக இருந்திருந்தால், 2022 உயர்வுக்குப் பின் 1,750, 6% சேர்ந்து 1,855. ஆண்டுக்கு ஐந்தாறு சதவீதம் என்று முறையாக ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. தேர்தலுக்குத் தேர்தல் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரே நாளில் மக்கள் தலையில் இறக்கியது நிர்வாகத் தவறு என்றே நினைக்கிறேன். ஆண்டுச் சீராய்வை எதிர்ப்பவர்கள் இந்த அனுபவத்தை மறக்கக் கூடாது.

2. தொழில் வரி. இங்கேதான் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்க முடியாது. இந்த உச்சவரம்பு 1988இல் வந்த திருத்தம். சென்னையில் 2024இல் இடைநிலை வருமானப் படிகளுக்கு வரியை ஏற்றினார்கள். அரையாண்டுக்கு 1,250 கட்டும் மேல்படியை ஏற்ற முடியவில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே வரம்பைத் தொட்டுவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்குபவரும் ஐந்து லட்சம் வாங்குபவரும் கட்டுவது ஒரே 2,500தான். சென்னையின் வளர்ச்சி எந்தத் துறையில் நடக்கிறதோ, அந்தத் துறையின் சம்பளத்திலிருந்து நகரத்துக்கு வரும் பங்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உறைந்து நிற்கிறது. இந்த வரம்பைத் திருத்தும் அதிகாரம் மேயரிடமும் இல்லை, முதலமைச்சரிடமும் இல்லை. நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும்.

3. பத்திரப் பதிவில் வரும் பங்கு. வீடு, மனை விற்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வையோடு 2% கூடுதல் தீர்வை சேர்ந்திருக்கிறது. அது உள்ளாட்சிக்குரியது. 80 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு 1.6 லட்சம். வீட்டுமனைச் சந்தை சூடாக இருக்கும்போது நன்றாக வரும், படுத்தால் இதுவும் படுக்கும். நிலையான சம்பளச் செலவை இதை நம்பி ஏற்றுவது ஆபத்து.

4. மாநில நிதி ஆணையப் பகிர்வு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10% உள்ளாட்சிகளுக்குப் பிரிகிறது. அதில் சென்னைக்கு ஒரு பங்கு. மாநில அரசின் மொத்தக் கடன் 2026 மார்ச்சுக்குள் 9 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என்று 2025-26 மாநில பட்ஜெட்டே கணித்தது. இந்த நிலையில் பகிர்வு தாராளமாக உயரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

5. ஒன்றிய நிதி ஆணைய மானியம். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2022 மார்ச்சில்தான் அடுத்த மேயர் வந்தார். இடையில் ஐந்தாண்டுக்கும் மேலாக தனி அதிகாரி ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததைக் காரணம் காட்டித் தமிழக உள்ளாட்சிகளுக்கான மானியத்தை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. தேர்தல் நடத்தாததற்குப் பணத்தாலும் விலை கொடுத்தோம்.

இவை தவிர ரயில்வே, ராணுவம் போன்ற ஒன்றிய அரசுச் சொத்துகளுக்கு அரசமைப்பின் 285ஆவது பிரிவுப்படி சொத்து வரி கிடையாது. விளம்பர வரி விதிக்கும் அதிகாரம் 2017இல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது.

செலவு ஏன் இறங்குவதில்லை?

மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்வோம். 2015 வெள்ளம், 2021 மழை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஒவ்வொன்றுக்குப் பிறகும் புதிய வடிகால் வேண்டும் என்ற குரல் நியாயமாகவே எழுந்தது. வடசென்னை கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்தது. தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி.

இந்தப் பணமெல்லாம் மூலதனக் கணக்கில் வந்து மூலதனக் கணக்கில் போகிறது. வடிகால் கட்டி முடிந்த நாளிலிருந்து கதை மாறுகிறது. ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் தூர்வார வேண்டும். வண்டல் வடிகட்டித் தொட்டிகளைச் சுத்தம் செய்ய வேண்டும். உடைந்த மூடிகளை மாற்ற வேண்டும். யாரோ திருட்டுத்தனமாக இணைத்த கழிவுநீர்க் குழாயைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பம்பு வைத்த இடங்களில் டீசல், ஆள். இவை அத்தனையும் வருவாய்க் கணக்கில் விழும். கடன் கொடுத்த வங்கி தூர்வாரப் பணம் தருவதில்லை. திறப்பு விழா ஒருநாள். தூர்வாரல் முப்பது ஆண்டுகள். வடிகாலுக்கான முடிவை எடுக்கும் நாளிலேயே அதன் ஆண்டுப் பராமரிப்புக்கு எந்த வரவு என்று எழுதிவைக்கும் பழக்கம் வராதவரை பற்றாக்குறை கூடிக்கொண்டேதான் போகும். இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

குப்பைக் கணக்கு வேறு விதமானது. சென்னை ஒரு நாளில் 5,000 டன்னுக்கும் மேல் குப்பையை உருவாக்குகிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் குவிந்த பழைய குப்பையைப் பயோமைனிங் முறையில் பிரித்து அகற்றுவது தனிச் செலவு. நேற்று செய்யாமல் விட்ட வேலைக்கு இன்று கட்டும் பில் அது. அன்றாடக் குப்பை அள்ளும் வேலையில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய தனியார்மயம் மண்டலம் மண்டலமாக நகர்ந்து பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களை ஒப்படைத்தபோது, 2025 ஆகஸ்ட்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்து போராடினார்கள். சம்பளம் குறையும் என்பது அவர்கள் சொன்ன முதன்மையான குறை.

தனியார் ஒப்பந்தத்தால் ஓய்வூதியம் போன்ற நெடுங்காலப் பொறுப்பு மாநகராட்சிக்குக் குறையலாம் என்பது உண்மை. ஆனால் பல ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின், பணம் குறைந்த ஆண்டில் அந்தச் செலவைச் சுருக்க இடமிருக்காது. மிச்சமாகும் பணம் திறமையான நிர்வாகத்தால் மிச்சமாகிறதா, துடைப்பம் பிடிப்பவரின் சம்பளத்திலிருந்து மிச்சமாகிறதா என்பதைக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும். இரண்டாவது என்றால் அதைச் சிக்கனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா உணவகத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பற்றாக்குறைப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கைகாட்டப்படுவது அதுதான். 2013 பிப்ரவரியில் தொடங்கியபோது வைத்த விலை: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். விற்பனையில் வருவது செலவில் சிறு பங்கே. மீதியை மாநகராட்சி தன் நிதியிலிருந்து போடுகிறது. கட்டடத் தொழிலாளியும் மருத்துவமனை வாசலில் காத்திருப்பவரும் சாப்பிடும் இடம் அது. அதை மூடிக் கணக்கை நேராக்குவது தவறு. உணவுப் பாதுகாப்பு மாநில அரசின் கடமை என்பதால், அந்த நட்டத்தில் பாதியையாவது மாநிலம் ஏற்பதே முறை.

கடன் பத்திரம்: 200 கோடி சொல்லும் கதை

2025 மே மாதம் மாநகராட்சி முதன்முறையாகத் தேசியப் பங்குச் சந்தையில் நகராட்சிக் கடன் பத்திரம் வெளியிட்டு 200 கோடி ரூபாய் திரட்டியது. பத்தாண்டுப் பத்திரம், வட்டி 7.97%. 421 கோடிக்கு விண்ணப்பம் வந்தது. ஆண்டு வட்டி சுமார் 16 கோடி. இப்படிப் பத்திரம் வெளியிடும் நகரங்களுக்கு ஒன்றிய அரசு 100 கோடிக்கு 13 கோடி என ஊக்கத்தொகை தருகிறது. அப்படிப் பார்த்தால் 26 கோடி. ஒன்றரை ஆண்டுக்குச் சற்று அதிகமான வட்டியை அது ஈடுகட்டும்.

இந்த அளவுக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. 5,000 கோடி வரவு உள்ள அமைப்புக்கு 16 கோடி வட்டி தாங்கக்கூடியது. சந்தையில் கடன் வாங்கினால் கணக்கைத் தணிக்கை செய்து வெளியிட வேண்டும், தரமதிப்பீடு பெற வேண்டும். இது நல்ல கட்டுப்பாடு. ஒவ்வோர் ஆண்டும் ஒன்று என்று பழகி, வட்டியும் அசலும் சேர்ந்து தூர்வாரும் பணத்தைத் தின்னத் தொடங்கினால்தான் சிக்கல்.

ஒரு சதவீதம் என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது முன்கணிப்பு இல்லை, வெறும் பெருக்கல்தான். 2025-26 எண்களிலிருந்து தொடங்கி வரவு ஆண்டுக்கு 6% வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

- செலவும் 6% வளர்ந்தால் ஐந்தாண்டு கழித்துப் பற்றாக்குறை ஏறக்குறைய 92 கோடி.
- செலவு 7% வளர்ந்தால் வரவு 6,886 கோடி, செலவு 7,313 கோடி. பற்றாக்குறை 427 கோடி.
- செலவு 8% வளர்ந்தால் 775 கோடி.

ஒரே ஒரு சதவீத வித்தியாசம், 68 கோடியை ஐந்தாண்டில் ஆறு மடங்குக்கும் மேல் ஆக்கிவிடுகிறது. சம்பள உயர்வு, அகவிலைப்படி, ஒப்பந்தத் தொகை உயர்வு, புதிய வடிகால்களின் பராமரிப்பு எல்லாம் ஒரே பக்கம் இழுக்கும்போது அந்த ஒரு சதவீதம் எளிதில் வந்துவிடும்.

முதலில் எங்கே தெரியும்?

சென்னை ஒரு நாளும் திவாலாகிக் கதவை மூடாது. மாநில அரசு விடாது. மெதுவாகத் தேயும். உட்புறச் சாலை ஐந்தாண்டுக்குப் பதில் எட்டாண்டுக்கு ஒருமுறை போடப்படும். எரியாத தெருவிளக்கு ஒரு வாரத்துக்குப் பதில் ஒரு மாதம் இருட்டில் நிற்கும். பள்ளியில் காலிப் பணியிடம் நிரம்பாது. மாநிலத்திடம் கையேந்தும் ஒவ்வொரு முறையும் மாமன்றத்தின் முடிவெடுக்கும் உரிமை கொஞ்சம் சுருங்கும். தியாகராய நகரைவிட முன்னதாக இதை உணரப்போவது எண்ணூரும் புளியந்தோப்பும்தான். சொந்தமாக ஜெனரேட்டரும் தனியார் பள்ளியும் உள்ளவருக்கு மாநகராட்சி தேய்வது தாமதமாகத்தான் தெரியும்.

அடுத்த பட்ஜெட்டில் எதைத் தேடுவது?

1. பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இறுதிக் கணக்கு என மூன்று நெடுவரிசைகள் இருக்கும். முதலாவது ஆசை, மூன்றாவது நடந்தது. இரண்டு ஆண்டுக்கு முந்தைய மதிப்பீட்டையும் அதன் இறுதிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றையும் கூட்டி, சொந்த வருவாயோடு ஒப்பிடுங்கள். அந்த விகிதம் ஆண்டுதோறும் ஏறினால் மற்ற எல்லாவற்றுக்கும் இடம் குறைகிறது.

3. வடிகால் மற்றும் சாலைப் பராமரிப்புக்கான ஒதுக்கீடு, புதிதாகச் சேர்ந்த நீளத்துக்கு ஏற்ப ஏறியிருக்கிறதா?

4. சொத்து வரிக்கு கேட்பு (கட்ட வேண்டிய தொகை), வசூல், நிலுவை என்று ஒரு பட்டியல் உண்டு. நிலுவை பெருத்திருந்தால், ஒழுங்காகக் கட்டுபவர் மீது புதிய உயர்வு வருவதற்கு முன் பழைய பாக்கி ஏன் வரவில்லை என்று கேட்கலாம். வார்டுகளில் அந்தப் பகுதி மக்கள் பங்கேற்கும் பகுதி சபை கூடுகிறது. உங்கள் வார்டின் நிலுவை எவ்வளவு, உங்கள் தெரு வடிகாலைக் கடைசியாக எந்தத் தேதியில், எந்தக் கணக்குத் தலைப்பில் தூர்வாரினார்கள் என்ற கேள்விகளை உறுப்பினர் முன்னிலையில் எழுத்தில் கொடுத்து, பதிலைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம்.